தடையுத்தரவில் நின்ற திராட்சைக் கொடி

மனு கிடைத்த மூன்று நாளுக்குள் ஒப்புகை. ஒரு மாதத்துக்குள் முடிவான பதில். முடியாவிட்டால், ஏன் முடியவில்லை என்று அதே ஒரு மாதத்துக்குள் இடைக்காலப் பதில். பொதுமக்கள் கொடுக்கும் மனுக்களுக்கான விதி இது. வருவாய்த் துறையில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு இதை நான் வகுப்பெடுத்திருக்கிறேன். விதியில் எங்கேயும் மனுவின் பொருள் உயிருள்ளதா, உயிரற்றதா என்ற பாகுபாடு கிடையாது. அது எவ்வளவு பெரிய ஓட்டை என்று ஓய்வு பெற்ற பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

சுருளிப்பட்டிக்குப் பக்கத்தில் என் பெரியப்பா மகன் பவுன்ராசு திராட்சை போட்டிருந்தான். ஓர் ஐப்பசி மாதத்துக் காலையில் போன் வந்தது.

"அக்கா, வண்டியப் பிடிச்சு உடனே வா."

"யாருக்குடா என்ன?"

"யாருக்கும் ஒண்ணுமில்ல. பந்தலுக்கு வா. வந்து பாத்துட்டு நீயே சொல்லு."

முந்திய நாலு நாளும் விடாத மழை. பழுத்து நிற்கும் பன்னீர் திராட்சைக்கு அந்த மழை என்ன செய்யும் என்று பள்ளத்தாக்கில் எல்லோருக்கும் தெரியும். வேர் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும், பழம் ஊதும், தோல் தாங்காது, வெடிக்கும்.

பந்தலுக்குள் குனிந்து நுழைந்ததுமே புளித்த வாடை மூக்கில் அடித்தது. கள்ளுக்கும் காடிக்கும் நடுவில் ஒரு வாடை. குலை குலையாக வெடித்துச் சாறு ஒழுகிக்கொண்டிருந்தது. தலையில் சொட்டியது, கண்ணாடியில் சொட்டியது, செருப்பு மண்ணோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. ஈயும் குளவியும் பந்தல் முழுக்க ஒரே இரைச்சல்.

பவுன்ராசு முன்னால் போனான். வாய்க்கால் ஓரத்தில், பந்தலைத் தாங்கும் கல்லுக்கால் ஒன்றின் அருகில் நின்று மேலே கை காட்டினான்.

ஒரு கொடியிலிருந்து கம்பி மேல் நாலு கிளை பிரிந்து போயிருந்தது. மூன்று கிளையில் எல்லாம் வெடித்த பழம். நாலாவது கிளையில் ஒரு பழம்கூட வெடிக்கவில்லை. கருநீலமாக, மேலே சாம்பல் பூத்தபடி, குலைக்குள் பழத்துக்குப் பழம் கொஞ்சம் இடைவெளி விட்டு, கழுவித் துடைத்து மாட்டியது போலத் தொங்கியது.

அதே வேர். அதே மழை.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. மிகையாகச் சொல்லவில்லை, ரோமம் நின்றதைப் பார்த்துப் பவுன்ராசு, "குளிருதாக்கா?" என்று கேட்டான்.

படித்தது ஒன்று, பிழைத்தது ஒன்று

ஏன் சிலிர்த்தது என்பதற்கு இரண்டு மூன்று பத்தி விலகிப் போக வேண்டும்.

நான் படித்தது தாவரவியலில் முதுகலை. தேர்வு எழுதிக் கிடைத்தது வருவாய்த் துறை. துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றேன். ஊரில் மட்டும் 'தாசில்தாரம்மா' என்பார்கள். அரசு தராத பதவி உயர்வை ஊர் தந்ததில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

கல்லூரியில் பரிணாமமும் மரபியலும் எடுத்த பேராசிரியர் மெதுவாகப் பேசுகிறவர். பின் வரிசை தூங்கும். ஒருநாள் அவர் சொன்ன ஒரு விஷயம் மட்டும் என்னைத் தூங்கவிடவில்லை. உயிர்களில் புதிதாக ஒரு மாற்றம் தோன்றுகிறது. கெட்ட மாற்றம் என்றால் அழியும், அது சரி. நல்ல மாற்றம் என்றால் பரவும் என்றுதானே நினைப்போம்? இல்லை என்றார். நல்ல மாற்றமும் பெரும்பாலும் தோன்றிய சூட்டிலேயே தொலைந்துபோகும். அது தோற்றுப்போவதில்லை. ஒன்றே ஒன்றாக இருக்கிறது, அவ்வளவுதான். ஒன்றாக இருப்பதை மாடு மிதிக்கும், இடி விழும், எவனாவது பிடுங்கிப் போடுவான். நூறாகப் பெருகிய பிறகுதான் அதன் நல்லதுக்கு மதிப்பு. அதுவரை அது பிழைப்பது வெறும் அதிர்ஷ்டம்.

இதற்கு அத்தாட்சியை நான் அலுவலகத்தில் பார்த்தேன். ஒரு சுற்றறிக்கையை நகல் எடுத்த தட்டச்சர், 'மூன்று பிரதிகளில்' என்ற சொற்களைத் தவறிப்போய் விட்டுவிட்டார். அந்த ஓர் அலுவலகத்தில் மட்டும் ஜனங்கள் ஒரே ஒரு விண்ணப்பம் கொடுத்தார்கள், வேலை நடந்தது, யாருக்கும் ஒரு குறையும் இல்லை. பிறகு மாற்றலாகி வந்த ஓர் அதிகாரி மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துப் பிழையைத் திருத்திவிட்டார். வாசல் ஜெராக்ஸ் கடைக்காரர் அவருக்கு மாலை போடாததுதான் பாக்கி.

ஒரே செடி

திராட்சையை இங்கே யாரும் விதை போட்டு வளர்ப்பதில்லை. குச்சி வெட்டி ஊன்றுவார்கள். குச்சி என்பது அதே செடியின் நகல். அந்தக் காலத்தில் ஒரு பாதிரியார் கொண்டுவந்தார் என்று சொல்வார்கள். யார் கொண்டுவந்தாலும் சரி, வந்தது ஒரு கைப்பிடிக் குச்சி. அதை வெட்டி ஊன்றி, அதிலிருந்து வெட்டி ஊன்றித்தான் இத்தனை பந்தல். கம்பத்தில் ஆரம்பித்துக் கூடலூர் வரைக்கும் கண்ணுக்கெட்டிய தூரம் நிற்பது தோட்டம் தோட்டமாகத் தெரிந்தாலும், கணக்குப்படி அது ஒரே ஒரு செடி. அதனால்தான் ஒரு மழையில் எல்லாம் சேர்ந்து வெடிக்கிறது. வேறு மாதிரி இருக்க அதில் வேறு ஆளே இல்லை.

அந்த ஒரே செடியின் ஒரே கிளையில், ஏதோ ஒரு மொட்டில், நகல் பிசகியிருக்கிறது. பிசகு நல்லதாகப் போயிருக்கிறது. இதைப் பவுன்ராசுவிடம் சொன்னேன்.

"அப்ப நம்ம பந்தல்ல மட்டும்தான் இருக்கா?"

"இந்தக் கிளையில மட்டும்தான் இருக்கு. கொடிக்கே கிடையாது."

அவன் கல்லுக்காலைத் தட்டிப் பார்த்தான். அந்த வாரம்தான் அவன் பந்தலைப் பிடுங்கி வாழை வைப்பதென்று முடிவு செய்திருந்தான். மூன்று வருஷமாக மழைப் போகம் கைக்கு வரவில்லை. கேரளத்து வியாபாரி வெடித்த பழத்தைப் பார்த்துவிட்டு வண்டியைவிட்டே இறங்கவில்லை. இது வெடிக்காத ரகம் என்றால் பந்தல் நிற்கும். இல்லையென்றால் அப்பா காலத்துக் கல்லுக்கால் எல்லாம் வெளியே. அவ்வளவுதான் கணக்கு.

"ஆராய்ச்சிக்காரவுகள வரச் சொல்லி எழுதுக்கா," என்றான். "ஒனக்குத்தான் எழுதத் தெரியும்."

எழுதினேன். பயிர் ரகங்களைப் பார்த்துச் சொல்ல வேண்டிய ஓர் அலுவலகம், பெயர் வேண்டாம். படங்கள் இணைத்து, பொருள், பார்வை எல்லாம் முறைப்படி போட்டு அனுப்பினேன். கூடவே அவனிடம் சொன்னேன்: "கவாத்து வரும்போது இந்தக் கிளையில வெட்டுற குச்சி ஒண்ணக்கூட விடாம ஊனிரு. ஒரு கிளை ஒரு கிளையா இருக்கவே கூடாது."

கவாத்து என்றால், அறுவடை முடிந்து கொடிக்கு ஓய்வு கொடுத்தபின் கிளைகளை ஒட்ட வெட்டிவிடுவது. வெட்டினால்தான் புதுத் துளிர் வரும், துளிரில்தான் பூ வரும். வெட்டாத கொடி இலையாகப் பெருகுமே தவிர, காய்ப்பது சந்தேகம். இது திராட்சை போட்ட வீட்டில் பிறந்த நாய்க்கும் தெரியும்.

ஒப்புகை

விதி சொன்னபடி, மூன்றே நாளில் ஒப்புகை அனுப்பியிருந்தார்கள்! முதலில் அதிர்ந்தது அதற்குத்தான். அச்சடித்த தாள். நான் அதைப் பார்த்துவிட்டு, நல்லது என்று பவுன்ராசுவிடம் கொடுத்துவிட்டேன். அவன் அதைக் கடைசி வரி வரை படித்தான். அரசாங்கத் தாளைக் கடைசி வரி வரை படிக்கிற ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை.

கடைசி வரி இப்படி இருந்தது: 'ஆய்வுக்குரிய பொருள், ஆய்வு முடியும்வரை எவ்வித மாற்றமும் இன்றி வைத்திருக்கப்பட வேண்டும்.'

விதை மூட்டைக்கும் உர மூட்டைக்கும் எழுதப்பட்ட வரி. எல்லாருக்கும் போகிற வரி.

கவாத்து அன்று நான் போனபோது பந்தல் மொட்டையாகிக்கொண்டிருந்தது. மொக்கராசு என்பவர் தன் ஆட்களோடு வெட்டிக்கொண்டிருந்தார். சுற்றுவட்டாரத்தில் பாதிப் பந்தலுக்குக் கவாத்து அவர் கத்திரிதான். வாய்க்கால் ஓரத்துக் கிளையை மட்டும் வெட்டவில்லை. அதற்குக் கீழே முழங்கால் உயரத்தில் சுற்றிலும் நைலான் கயிறு கட்டி, கயிற்றில் ஒரு அட்டை தொங்கவிட்டிருந்தது. அட்டையில் பவுன்ராசுவின் கையெழுத்தில்: 'தொடாதே. ஸ்டே உள்ளது.'

"ஏலே, இது என்னடா?"

"மாத்தமில்லாம வைக்கணும்னு போட்டிருக்காகள்லக்கா."

"அது மூட்டைக்குடா! கொடி வளரும், இலை உதிரும். அதுவே மாத்தம்தானே? அதுக்கும் ஸ்டே போடுவியா?"

"அது தானா மாறுறது. நம்ம கைபட்டு மாறக்கூடாது." இதை அவன் மிகவும் நிதானமாகச் சொன்னான். அவன் பேசியது பொய்யும் இல்லை. அவனுக்கும் எங்கள் இன்னொரு சித்தப்பா மகனுக்கும் இருந்த வரப்புத் தகராறு நீதிமன்றத்தில் கிடந்த காலத்தில், தடையுத்தரவு இருக்கும்போது இவன் வரப்பில் முளைத்த முருங்கையில் ஒரு காய் பறித்தான். அதைப் படம் எடுத்து எதிர்த்தரப்பு தாக்கல் செய்தது. அந்த முருங்கைக்காயிலிருந்து அவனுக்கு அரசாங்கத் தாள் என்றால் தாள்தான்.

"குச்சியாவது நாலு வெட்டி ஊனுடா."

"வெட்டுனா அது கைபட்டதுதானக்கா. நாளைக்கி வந்து, 'நீ என்னமோ பண்ணியிருக்க, இது இயற்கையா வரல'ன்னு சொல்லிட்டா?"

மொக்கராசு கத்திரியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். "தாசில்தாரம்மா, நானும் சொல்லிப் பாத்துட்டேன். கவாத்து பண்ணாத கொடியும் கண்டிக்காத மருமகனும் வெளங்குனதா சரித்திரம் இல்லன்னேன். மாப்ள கேக்கல."

"யோவ், ஒன் மருமகன் கதைய அங்கன போய்ச் சொல்லு," என்றான் பவுன்ராசு.

அவன் மனைவி ஜோதி டீ கொண்டுவந்தாள். கயிற்றைத் தாண்டும்போது வேண்டுமென்றே சேலையைத் தூக்கிக்கொண்டு தாண்டினாள். "பாத்து வாங்க மதினி. இலை பட்டுச்சுன்னா ஒங்க தம்பி கேசு போட்டுருவாக."

எல்லோரும் சிரித்தோம். பவுன்ராசுவும் சிரித்தான். கயிறு மட்டும் அவிழவில்லை.

நினைவூட்டு

மாதம் ஒன்று முடிந்தது. இடைக்காலப் பதில் இல்லை. நினைவூட்டு அனுப்பினேன். பதில் இல்லை. நேரில் ஒருமுறை போனேன். சம்பந்தப்பட்டவர் பயிற்சிக்குப் போயிருந்தார். இன்னொரு முறை, பயிற்சியிலிருந்து வந்து மாற்றலாகியிருந்தார். புதியவர் இன்னும் பொறுப்பேற்கவில்லை. இதில் எனக்குப் புதிது ஒன்றுமில்லை. இதே வாக்கியங்களை மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து சொன்னவர்கள் நடுவில்தான் என் சர்வீஸ் போனது.

பங்குனியில் மற்ற பந்தல் காய்த்துப் பழுத்தது. வெயில் போகம், வெடிப்பில்லை. வாய்க்கால் ஓரத்துக் கிளை மட்டும் இலையும் தழையுமாக, கன்றுக்குட்டி ஒளிந்துகொள்ளலாம் போல, இருட்டாக மண்டியிருந்தது. ஒரு பூ இல்லை.

"இப்பவாவது வெட்டுடா," என்றேன்.

"அவுக வரட்டும்."

அது மட்டுமில்லை, இன்னொன்றும் செய்திருந்தான். பந்தல் முழுக்க மருந்து அடித்தபோது அந்தக் கிளைக்கு அடிக்கவில்லை. மருந்தும் மாற்றம்தானே. இதற்கு மொக்கராசுவும் அவன் பக்கம் சேர்ந்துகொண்டார்.

"நாலு நாள் மழையத் தாங்குனது மருந்தத் தேடுமா தாசில்தாரம்மா? அது தனிப் பெறவி."

கிளை தனிப் பிறவிதான், மறுக்கவில்லை. ஆனால் மாறியிருந்தது குலை கட்டும் விதம் மட்டுமே; இடைவெளி இருப்பதால் பழம் ஊதினாலும் ஒன்றையொன்று நெருக்கி வெடிக்காது, அவ்வளவுதான். குடை வைத்திருப்பவனைக் கொசு கடிக்காது என்று யாராவது சொல்வார்களா? நோய்க்கு அந்தக் கிளையும் ஊரில் உள்ள மற்ற எல்லாக் கிளையும் ஒன்றுதான். இதை நான் எத்தனை விதமாகச் சொல்லியும் அவர்கள் இருவரும், ஆகாத அதிகாரி பேசும்போது ஊழியர்கள் தலையாட்டுவார்களே, அப்படித் தலையாட்டினார்கள்.

நகம்

ஆனி கடைசியில் மலைப்பக்கம் இருந்து சாரல் இறங்கியது. காலையில் வெயிலே இல்லாமல் மப்பும் ஈரமுமாக ஒரு பதினைந்து நாள். இங்கே 'செவட்டை' என்று சொல்லும் இலை நோய்க்கு இதைவிட நல்ல முகூர்த்தம் கிடையாது.

இந்தத் தடவை போன் செய்தது ஜோதி.

"மதினி, கொஞ்சம் வந்துட்டுப் போங்க. அவுக காலையில இருந்து அந்தக் கொடிக்கடியிலயே ஒக்காந்திருக்காக. சாப்பிட வர மாட்டேங்குறாக."

மருந்து அடித்த பந்தலில் இலை இங்கொன்றும் அங்கொன்றும் மஞ்சளாகியிருந்தது. கயிறு கட்டிய கிளையில் இலையே இல்லை. எல்லாம் கீழே கிடந்தன, கருகிச் சுருண்டு, ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு. மேலே வெறும் குச்சி. அட்டை மட்டும் தொங்கியது. மழையில் எழுத்து ஊறிப் பரவியிருந்தது.

பவுன்ராசு என்னைப் பார்த்ததும் எழுந்தான். "துளுத்துரும்லக்கா?"

கொடி உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. பட்டையை நகத்தால் சுரண்டினால் உள்ளே பச்சை தெரிய வேண்டும். நுனியில் சுரண்டினேன். காபிப்பொடி நிறம். ஒரு முழம் தள்ளிச் சுரண்டினேன். அதே நிறம். அவனும் சுரண்ட ஆரம்பித்தான். அவன் நுனியிலிருந்தும் நான் நடுவிலிருந்தும் அடிமரத்தை நோக்கி வந்தோம்.  குச்சி ஒடியும் சத்தம் மட்டும் கேட்டது. பச்சை இருக்கும், அடுத்த கணுவில் இருக்கும் என்று ஒவ்வொரு கணுவாக வந்து, ஒரு கிளை முழுவதும் செத்துப்போயிருப்பதை இரண்டு பேரும் கையால் தெரிந்துகொண்டோம்.

கிளை அடிமரத்தோடு சேரும் இடத்தில், விரல் நீளத்துக்குப் பச்சை இருந்தது. அதில் ஒரு மொட்டு.

"இருக்குக்கா! இருக்கு!" என்று கத்தினான்.

 மாற்றம் தோன்றியது ஏதோ ஒரு கணுவில். அந்தக் கணுவுக்கு மேலே உள்ளதெல்லாம் புதுசு. கீழே உள்ளதெல்லாம் பழைய பன்னீர் திராட்சை. இந்த மொட்டு மேலேயா கீழேயா? பார்த்துச் சொல்ல வழியில்லை. காய்த்து, மழையில் நனைந்தால்தான் தெரியும்.

இதைச் சொன்னதும் அவன் கயிற்றை அவிழ்த்தான். அட்டையைக் கிழித்தான். அந்த மொட்டுக்கு மேலே இருந்ததை அவனே கத்திரியால் வெட்டி இறக்கினான். பிறகு நடந்தது தனிக் கூத்து. மருந்து, தொழுவுரம், இலை மேல் மழை விழாமல் நெகிழித்தாள். துளிர் வந்தது. துளிரில் ஒரே ஒரு பூங்கொத்து வந்தது. வியாபாரி வந்து பந்தலுக்கு விலை பேசியபோதும் இவன் அந்த ஒரு குலையைப் பற்றியே பேசினான். வாழைக்கன்று சொல்லி வைத்திருந்தவரிடம், "கார்த்திகை போகட்டும்" என்று சொல்லிவிட்டான்.

கார்த்திகை மழை

குலை பழுத்த வாரத்தில் மழை பிடித்தது. முதல் நாள் நெகிழித்தாளை எடுத்துவிடலாமா என்று கேட்டான். எடு என்றேன். எடுக்காமல் எப்படித் தெரியும்?

மூன்றாம் நாள் பிற்பகல், நான், பவுன்ராசு, ஜோதி மூவரும் தலையில் உரச்சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு பந்தலுக்கடியில் நின்றோம். பந்தலில் மற்ற பழங்கள் வெடிக்க ஆரம்பித்திருந்தன. அந்தக் குலை நன்றாக இருந்தது. ஆனால் பழங்கள் நெருக்கமாக இருந்தன. போன ஐப்பசியில் பார்த்த இடைவெளி இல்லை. நான் அதைப் பார்த்தேன். அவனும் பார்த்திருப்பான். 

வெடிக்கும்போது சத்தம் கேட்காது என்றுதான் நினைத்திருந்தேன். மழை ஒரு நிமிஷம் விட்ட நேரத்தில், தண்ணீரில் கொப்புளம் உடைவது போல ஒரு சின்னச் சத்தம் கேட்டது. குலையின் தோளில் இருந்த பழத்தில் ஒரு கோடு விழுந்து, உள்ளே இருந்து வெள்ளையாகச் சதை எட்டிப் பார்த்தது. பிறகு பக்கத்துப் பழம். பிறகு அதற்கடுத்தது.

 கல்லுக்காலைப் பிடித்துக்கொண்டேன். பூமியில் எங்கேயும் இனி அது இல்லை. எனக்குத் தோன்றியது அவ்வளவுதான். யாரும் அதை எதிர்க்கவில்லை, யாருக்கும் அது வேண்டாததாக இல்லை. எல்லோருக்கும் வேண்டியதாக இருந்து, எல்லோரும் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டிருக்கையில் போய்விட்டது.

ஜோதிதான் முதலில் வாய் திறந்தாள். "ஸ்டே இருக்குன்னு பழத்துக்குத் தெரியல போல." சொல்லிவிட்டு முகத்தைச் சாக்கால் மூடிக்கொண்டாள். சிரித்தாளா, அழுதாளா தெரியவில்லை.

பவுன்ராசு வெடித்த பழம் ஒன்றைப் பறித்து வாயில் போட்டான். மென்றான். கொட்டையைக் கீழே துப்பினான்.

"நல்லாத்தான் இருக்கு," என்றான். "எப்பவும் போல இருக்கு."

கல்லுக்கால்

மார்கழியில் பிடுங்க வேண்டாம், தை பிறக்கட்டும் என்று ஜோதி சொல்லிப் பார்த்தாள். "மார்கழியில நட மாட்டாக. பிடுங்குறதுக்கு என்ன?" என்றான் அவன்.

டிராக்டரில் சங்கிலி கட்டி ஒவ்வொரு கல்லுக்காலாக இழுத்தார்கள். மொக்கராசு வேலைக்கு வரவில்லை. வந்து வரப்பில் நின்றார், கொஞ்ச நேரம் பார்த்தார், போய்விட்டார். கம்பிச் சுருள் ஒரு பக்கம், அடிமரங்கள் ஒரு பக்கம் குவிந்தன. வாய்க்கால் ஓரத்துக் கொடி எந்தக் குவியலில் போனது என்று நான் தேடவில்லை.

அலுவலகத்துக்கு ஒரு வரி எழுதிவிடலாம், இனி வர வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அதற்குள் தபால்காரர் வண்டியை வரப்பில் நிறுத்தி, "தாசில்தாரம்மாவுக்கு ஒண்ணு இருக்கு, வீட்டுல கேட்டேன், இங்கன இருக்கதாச் சொன்னாக" என்று நீட்டினார்.

பொருள், பார்வை எல்லாம் சரியாக இருந்தது. மனு பரிசீலிக்கப்பட்டது, தகுதியுள்ளதாகக் கருதப்படுகிறது, ஆய்வுக் குழு விரைவில் வருகை தரும், அதுவரை மேற்படி கொடி எவ்வித மாற்றமும் இன்றி வைத்திருக்கப்பட வேண்டும்.

"என்னக்கா சொல்றாக?" டிராக்டர் சத்தத்துக்கு மேல் பவுன்ராசு கத்திக் கேட்டான்.

"வர்றாகளாம்!"

அவன் காது கேட்காதது போல அடுத்த கல்லில் சங்கிலியை மாட்டினான். எனக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. கைப்பையில் பேனா இருந்தது. தபால் கைக்கு வந்தால் உறையின் மூலையில் பெற்ற நாளைக் குறிக்க வேண்டும் என்பது விதி. குறித்தேன்.

மார்கழி, இரண்டாம் வெள்ளிக்கிழமை, முற்பகல்.